ஊசிமலையில் விழாத இடி

இடி விழுந்தது என்று சொல்வதாக ஊசிமலைத் தேயிலைத் தோட்டம் ஒரே மனதாக முடிவு செய்திருந்தது. சம்பள உயர்வு விஷயத்தில்கூட அந்தத் தோட்டம் அப்படி ஓர் ஒற்றுமையைக் கண்டதில்லை. மேல் லயத்து வீடுகள், கீழ் லயத்து வீடுகள், தொழிற்சாலை, கோயில் என்று எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "சரஸ்வதி பூசைக்கு மறுநாள் பெரிய இடிங்க. அதோட கம்ப்யூட்டர் எல்லாம் செத்துப்போச்சு." உண்மையைச் சொன்னால், அந்த வாரம் முழுக்கத் தோட்டம் இருக்கும் பூனாகலைப் பக்கம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இடியை விடுங்கள், தூறல்கூட இல்லை.

அந்தப் பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஆள் தோட்டத்தில் ஒருத்திதான் இருந்தாள். யாரைக் காப்பாற்ற அது கட்டப்பட்டதோ அந்த இராக்கம்மா.

இராக்கம்மாவுக்கு இருபத்தைந்து வயது. குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த காலமெல்லாம் அழுதவள், உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியதும் அழுவதை நிறுத்திக்கொண்டாள். பதுளையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை தோட்டத்தில் கம்ப்யூட்டர் அறை ஒன்றைத் திறந்து, அவளையே பொறுப்பாளராகப் போட்டது. கொழுந்து பறிக்காமல் சம்பளம் வாங்கிய முதல் பெண் அந்தக் குடும்பத்தில் அவள்தான். அவளுடைய அம்மாவுக்கு அது பெரிய பெருமை. வேண்டுமென்றே அறையைச் சுற்றிக்கொண்டுதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள்.

அறை என்றால் பழைய பிள்ளைக்காம்பரா. அம்மாமார் வேலைக்குப் போகிற நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடமாக இருந்ததைச் சுண்ணாம்படித்து, கூரையில் இணையத்துக்கு ஒரு டிஷ்ஷைப் பொருத்தி, கொழும்பில் ஏதேதோ கம்பெனிக் கந்தோர்கள் கழித்துவிட்ட ஆறு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பின்னேரமானால் அந்த அறையில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். சாதாரண தரப் பரீட்சையின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன என்று தெரிந்ததிலிருந்து பிள்ளைகள் மொய்த்தார்கள். குவைத்துக்கு வேலைக்குப் போன பெண்களின் முகத்தைப் படமாகப் பார்க்கத் தாய்மார் வந்தார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் சும்மா வந்து உட்கார்ந்து பார்க்கிறவர்களும் இருந்தார்கள். இராக்கம்மா யாரையும் துரத்தியதில்லை.

அறக்கட்டளையின் நிருவாகி செல்வநாயகி, யாழ்ப்பாணத்துக்காரர், அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதுகிற எதுவும் மூன்று வரிக்கு மேல் போகாது. அந்த மூன்று வரியை மாற்றவும் ஆள் கிடையாது. இந்த அறைக்கு அவர் போட்ட விதிகள் இரண்டு. ஒன்று, தொடர்ந்து ஒரு வாரம் இணைப்பு வராவிட்டால் ஆள் அனுப்பிப் பார்ப்போம். சரிவராத இடம் என்றால் இயந்திரங்களை வரிசையில் காத்திருக்கும் அடுத்த தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம். இரண்டு, கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறக்கும் அதிகாரம் பதுளையிலிருந்து வரும் ஆளுக்கு மட்டும்தான். பொறுப்பாளர் திறந்தால் பொறுப்பு போய்விடும். இரண்டுக்கும் சம்மதம் சொல்லித்தான் இராக்கம்மா வேலையில் சேர்ந்திருந்தாள்.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. ஊசிமலையில் அது வீட்டுக்குள் நடக்கிற பூசை அல்ல. தோட்டமே தன் ஆயுதங்களைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போகும். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தொழிற்சாலை ஸ்பேனர், டிஸ்பென்சரிக் கத்தரிக்கோல், கிளாக்கரின் பேனா, ஒன்று விடாமல் சாமி முன்னால் கிடக்கும். தோட்டத் தலைவர் ஜெயராசா, தொழிற்சங்கத்து ஆள், குரல் கொஞ்சம் பெரிசு. கோயில் வாசலில் நின்று அவர் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "ஏம் புள்ள, ஓங் கம்ப்யூட்டருக்கு மட்டும் பூச கெடையாதா? படிப்புக்கே அது, சரஸ்வதிக்குக் கோவம் வந்துராதா?"

வந்துவிடும் என்றுதான் இராக்கம்மாவுக்கும் பட்டது. ஆறு பெட்டியையும் கோயில் மேட்டுக்குத் தூக்க முடியாது. மவுஸைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தால் வாண்டுகள் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிக்கும். யோசித்துப் பார்த்தாள். அறையில் கம்ப்யூட்டர்களைப் பொருத்தப் பதுளையிலிருந்து வந்த இரகுநாதன் சேர் ஒரு நெட்வேர்க் கார்டைக் கையில் தூக்கிக் காட்டி, "இதுதான் பிள்ளை, உலகத்துக்கு வாசல்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளங்கை அளவு பச்சைப் பலகை, கீழ் விளிம்பில் பொன்னிறப் பல்வரிசை, ஒரே ஒரு திருகாணி. சாமிக்கு வைக்க அதைவிடப் பொருத்தமான பொருள் அந்த அறையில் வேறென்ன இருக்கிறது?

சாமி காரியம்தானே என்று விதியை ஓரமாக வைத்துவிட்டு, ஆறு கார்டையும் கழற்றித் தாம்பாளத்தில் பூவோடு அடுக்கிக் கொண்டுபோனாள். சந்தனத்தைக் கார்டின் ஓரத்துத் தகரப் பட்டையில் மட்டும்தான் வைக்க வேண்டும் என்று பூசாரியின் பக்கத்திலேயே காவல் நின்றாள். மறுநாள் காலையில் பெட்டிகளுக்குள் இருந்த தூசியையும் சேர்த்துத் துடைத்து, ஒவ்வொரு கார்டையும் பஞ்சால் ஒற்றி, பழையபடி செருகித் திருகாணியை முறுக்கினாள். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. கம்ப்யூட்டர்கள் எழுந்தன. இணைப்பு மட்டும் வரவில்லை, ஒன்றில்கூட வரவில்லை. திரும்பக் கழற்றினாள், திரும்பச் செருகினாள். வரவேயில்லை.

தலைவரிடம் போய் அழுதபோதுதான் இடி பிறந்தது.

"பூச போட்டுக் கெடுத்தானுங்கன்னு தெரிஞ்சா பதுளையில விழுந்து விழுந்து சிரிப்பானுங்க. ஒன் வேலையும் போயிரும்" என்றார் ஜெயராசா. "இடின்னு சொல்லிரு. இடி மேல யாரு கேஸு போடுறது? நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்ட அழகைத்தான் முதலிலேயே சொன்னேன்.

விதியில் இருந்தபடியே லொறி வந்தது. ஓட்டி வந்தவர் ஷுக்ரி, பெரகலக்காரர், மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்குவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு கவலை இல்லாத மனிதர். பக்கத்தில் இருந்து இறங்கியவர் இரகுநாதன். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். லினக்ஸ் என்றால் அவருக்கு உயிர். யாராவது வேறொரு மென்பொருளைப் புகழ்ந்தால் கெட்டுப்போன மீனை முகர்ந்தவர் மாதிரி மூக்கைச் சுளிப்பார். மற்றபடி நல்லவர்.

அறை வாசலுக்கு அவர் வந்து சேரும் முன்பே நாலைந்து பேர் இடியைச் சொல்லிவிட்டார்கள். டிஸ்பென்சரிக்காரர் வெளிச்சத்தைக் கண்டதாகச் சொன்னார். பூசாரி சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். தொழிற்சாலை வாட்சர் ஒரு படி மேலே போய், மேட்டில் நின்ற சவுக்கு மரம் பற்றி எரிந்தது என்றார். மேட்டில் சவுக்கு மரமே கிடையாது.

"அப்பிடியே? கடும் இடியாத்தான் இருந்திருக்கும்" என்று இரகுநாதன் தலையாட்டிக்கொண்டே உள்ளே போனார். "பிள்ளை, நீர் அப்ப எங்கை நிண்டனீர்?"

"வீட்டுலங்க சேர்" என்றாள் இராக்கம்மா. அது மட்டும் உண்மை.

முதல் பெட்டியைப் போட்டார். கறுப்புத் திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடின. நெட்வேர்க்கை எழுப்புகிற இடத்தில் வந்து நின்று, கார்டு இருப்பதாகவே தெரியவில்லை என்று கைவிரித்தது. கார்டை இயக்குகிற டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்த்தார். ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஏறிக்கொண்டது. ஆனால் கார்டு மட்டும் கண்ணில் படவில்லை. இறக்கினார், ஏற்றினார், அணைத்துப் போட்டார். அதே கதைதான். பெட்டியைத் திறந்தார்.

"இதென்ன, உள்ளுக்கு ஒரு தூசி இல்லை" என்றார். "தேயிலைத் தூள் பறக்கிற இடம். என்ரை வீட்டுக் கொம்ப்யூட்டரே இவ்வளவு துப்புரவில்லை."

வாசலில் நின்ற ஜெயராசா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

இரகுநாதன் கையோடு கொண்டுவந்தது ஒரே ஒரு உபரிக் கார்டு. இருந்ததைக் கழற்றிவிட்டு அதைப் போட்டு, கம்ப்யூட்டரின் அமைப்புக் கோப்பில் பழைய எண்ணை அழிக்காமல் அதன் கீழே இதன் எண்ணை எழுதினார். உடனே இணைப்பு வந்தது. அப்படியென்றால் டிஷ் நல்லது, வயர் நல்லது, கம்ப்யூட்டர் நல்லது, கார்டுதான் செத்துவிட்டது. இரண்டாவது பெட்டியிலும் அதே உபரிக் கார்டைப் போட்டு, அதற்குரிய டிரைவரையும் மாற்றிப் பார்த்தார். அங்கேயும் அதே முடிவுதான். மூன்றாவதை அவர் தொடவில்லை. இடி என்று தோட்டமே சாட்சி சொல்லும்போது, வயர் வழியாக வந்த இடி கார்டுகளைத் தின்றுவிட்டது என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்? கெட்டிக்காரர்களும் முதலில் காதில் விழுந்த கதைக்கு ஏற்றபடிதான் சோதனை பண்ணுகிறார்கள். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைபேசிக்கு அலை கிடைக்கும் இடம் கோயில் பாறை ஒன்றுதான். அங்கே ஏறிப்போய்ச் செல்வநாயகியோடு பேசிவிட்டு வந்தவரின் முகத்தில் உற்சாகம் இல்லை.

"எல்லாக் கார்டும் எரிஞ்சுபோச்சு எண்டு சொன்னன்" என்றார். "புதுக் கார்டு அனுப்பலாம், ஆனால் இடி விழுற மேட்டிலை திரும்பவும் எரியும், உந்த இடம் சரிவராது, இறக்கிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லுறா. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்திலை அறை ஆயத்தமாம். நான் என்ன செய்ய?"

ஜெயராசாவின் முகம் தொங்கிவிட்டது. அவர் பெற்றெடுத்த பொய் அவரையே கடிக்க வந்துவிட்டது. "சேர், அது அவ்வளவு பெரிய இடி இல்லீங்க" என்றார் மெதுவாக. "சின்ன இடிதான். இனிமே விழாதுங்க."

"தலைவர், நீங்கள் எல்லாரும்தானே பெரிய இடி எண்டு சொன்னனீங்கள்?"

தலைவர் வாசற்படியை விட்டுக் கீழே இறங்கி நின்றுகொண்டார்.

இரகுநாதன் இராக்கம்மா பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். உம்மைப் பற்றியும் கதைச்சனான். நல்லா நடத்தின பிள்ளை, கொம்ப்யூட்டரோடை சேர்த்து உம்மையும் தெமோதரைக்கு எடுப்பம் எண்டு மேடம் சொல்லுறா. பஸ்ஸிலை போய் வரலாம். உம்மடை வேலை எங்கையும் போகாது."

அவளுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட வார்த்தைதான் அது. ஆனால் அதைக் கேட்டபோதுதான் அவளுக்குக் கணக்கு விளங்கியது. இதுவரை எல்லாம் ஒன்றாகப் போகும் என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் வேலை தப்பும். அறை மட்டும் போகும்.

ஷுக்ரி முதல் பெட்டியைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து, பின்னேரக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள். லொறியைக் கண்டதும் அப்படியே பாதையோரம் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. வந்த பொருள் திரும்பிப் போவதைப் பார்த்துப் பழகியவர்கள். அந்த மௌனம்தான் இராக்கம்மாவுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். கூட்டத்தில் அவளுடைய அம்மாவும் நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்துப் பயப்படாதே என்பதுபோல் தலையாட்டினாள். மகள் பயப்படுவது எதற்காக என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அதில் சந்தேகமே இல்லை. சொன்னதால் மட்டும் கம்ப்யூட்டர்கள் பிழைத்துவிடுமா என்பது அவளுக்கே தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், இடி விழவில்லை. விழாத இடிக்காக ஓர் அறையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். ஷுக்ரி இரண்டாவது பெட்டிக்காகத் திரும்பி வந்தார்.

"சேர், இடி விழலங்க" என்றாள் இராக்கம்மா.

இரகுநாதன் வயர் சுற்றுவதை நிறுத்தினார். "என்ன?"

"இடியே விழலங்க சேர். நாந்தான் பொட்டியத் தொறந்தேன். சரஸ்வதி பூசைக்கு வைக்கிறதுக்குக் கார்டு எல்லாத்தையும் கழட்டிக் கோயிலுக்குக் கொண்டு போனேங்க. மறுநாள் பழையபடி போட்டேன். அதுக்கப்புறந்தான் இணைப்பு வரல."

"அது பயத்துல ஒளறுது சேர்!" என்று ஜெயராசா உள்ளே பாய்ந்தார். "இடிதாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"வேணாங்க தலைவரே" என்றாள் அவள். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். வேணாம்."

இரகுநாதன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோபிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரோ ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டேக்கை, எந்தக் கார்ட் எந்தப் பெட்டியிலை இருந்ததெண்டு அடையாளம் வைச்சனீரோ?"

"இல்லீங்க சேர். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? தட்டுல இருந்தபடி எடுத்து எடுத்துப் போட்டேன்."

"ஐயோ பிள்ளை!" இரகுநாதன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நான் ஒரு விசரன். நான் ஒரு முழு விசரன். ஷுக்ரி, ஏத்தினதை இறக்கும்! முதல் பெட்டியை இறக்கிக்கொண்டு வாரும்!"

"ஏத்துறதா இறக்குறதா, ஒரு முடிவாச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார் ஷுக்ரி. அவர் பார்வை மேகத்தில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அந்தக் கார்டுகள் ஒரே வகை அல்ல. பல கந்தோர்களிலிருந்து கழிந்து வந்த கம்ப்யூட்டர்கள் என்பதால் சிலவற்றில் ரியல்டெக், சிலவற்றில் இன்டெல், சிலவற்றில் த்ரீகாம். ஒவ்வொரு வகைக்கும் டிரைவர் வேறு. எந்தப் பெட்டிக்கு எந்த டிரைவர், எந்த எண்ணுள்ள கார்டு என்று பொருத்திய அன்றே இரகுநாதன் கோப்பில் எழுதி வைத்திருந்தார். பூசை முடிந்து கார்டுகள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுகிறார், அந்தப் பெயர்க்காரி வரவில்லை, அவள் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள். நிற்கிறவளுக்குப் பேர் போடாமல் கூப்பிட்டவளை வரவில்லை என்று எழுதிவிட்டுப் போகிற மாதிரிதான். ஆள் நிற்கிறாள், வேலைக்கும் தயார், அழைப்புத்தான் அவளுக்கு இல்லை. ஆறு பெட்டியிலும் கதை அதுதான். ஒரு கார்டும் சாகவில்லை.

"என்ன கார்ட் செருகி இருக்கெண்டு முதலே கேட்டுப் பார்த்திருக்க வேணும்" என்று இரகுநாதன் தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாவது பெட்டியில் ஒரு கட்டளையைத் தட்டினார். செருகியிருக்கும் பொருட்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. "பாரும், இவர் ரியல்டெக் எண்டு கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், உள்ளுக்கு இருக்கிறது இன்டெல். ஆர் பதில் சொல்லுறது?"

"சேர், அப்ப கார்டு எல்லாம் நல்லா இருக்குங்களா?"

"உயிரோடை இருக்கு பிள்ளை, ஆறும் உயிரோடை இருக்கு. டிரைவரையும் எண்ணையும் மாத்தியும் சரிப்படுத்தலாம். ஆனால் அவரவரை அவரவர் வீட்டிலை இருத்துறதுதான் ஒழுங்கு."

பிறகு இருவருமாக வேலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் கார்டின் எண்ணை இன்னும் மறக்காமல் வைத்திருந்தது. இராக்கம்மா திரையைப் பார்த்து எண்ணை வாசித்தாள். இரகுநாதன் மேசையில் பரப்பிய கார்டுகளின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தார். செருகும் வேலையை அவளிடமே விட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒரு கார்டின் தகரப் பட்டையில் சந்தனம் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை இரகுநாதன் நகத்தால் சுரண்டப் போனார், பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

முதல் பெட்டியில் இணைப்பு வந்தபோது வாசலில் நின்ற பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இராக்கம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டார்கள். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. ஜெயராசா ஒவ்வொன்றுக்கும் தாமே பழுது பார்த்ததுபோல் தலையை ஆட்டி ஆட்டி எண்ணினார். கடைசிப் பெட்டியும் எழுந்தபோது இராக்கம்மாவுக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

இரகுநாதன் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, இனிப் பதுளைக்குச் சொல்ல வேணும். இடி எண்டு நான்தான் சொல்லிப்போட்டன். கார்ட் மாறிப்போச்சு எண்டு எழுதுவம். ஆர் மாத்தினது எண்டு நான் எழுதத் தேவையில்லை."

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"மேடம் கேப்பாங்களே சேர். பூட்டின அறையில கார்டு தானா எப்படி மாறுச்சுன்னு கேட்டா, அப்ப நீங்க ஒரு பொய் சொல்லணும். அது தெரிஞ்சா மறுபடியும் லொறி வரும்." நாற்காலியை இழுத்தாள். "ஒரு பொய்யாலயே பொட்டி லொறியில ஏறிருச்சு. நானே எழுதிர்றேங்க சேர்."

உயிர் பெற்ற முதல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து எழுதினாள். இடி விழவில்லை, விதியை மீறிப் பெட்டிகளைத் திறந்தது நான், பூசைக்காகக் கார்டுகளைக் கழற்றினேன், திரும்பப் போடும்போது மாற்றிவிட்டேன், இடத்தின் மேல் குறையில்லை, இப்போது ஆறும் வேலை செய்கின்றன, இந்தக் கடிதம் அந்த இணைப்பில்தான் வருகிறது. கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள். இரகுநாதன் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். அனுப்பியதும், போய்விட்டது என்று திரை சொன்னது.

செல்வநாயகி அந்நேரம் கந்தோரில்தான் இருப்பார். பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. வழக்கம்போல் மூன்று வரிதான்.

"என்னா புள்ள வந்திருக்கு? சத்தமா வாசி!" என்று ஜெயராசா வாசலிலிருந்து கத்தினார். பெண்கள் எல்லாம் படியேறி ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

இராக்கம்மா மூன்று வரியையும் மனதுக்குள் ஒருமுறை வாசித்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று முதல் இரண்டை மட்டும் உரக்க வாசித்தாள்.

"'விவரம் அறிந்தேன். இயந்திரங்கள் ஊசிமலையிலேயே இருக்கட்டும்.'"

கூரை பறந்துவிடும் போலச் சத்தம் எழுந்தது. யாரோ குலவை போட்டார்கள். ஜெயராசா ஷுக்ரியைக் கட்டிப்பிடித்தார். ஷுக்ரிக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் அவரும் சிரித்தார். கொழுந்துக் கறை படிந்த கையால் அம்மா மற்றவர்களைவிட உரக்கத் தட்டினாள். வாண்டுகள் பெரியவர்களின் காலுக்கிடையில் புகுந்து உள்ளே ஓடி வந்து ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்தார்கள்.

அந்தச் சந்தடியில் இராக்கம்மா இடுப்பில் செருகியிருந்த அறைச் சாவியை எடுத்து இரகுநாதனின் கையில் வைத்தாள். மூன்றாவது வரியை அவர் ஏற்கனவே வாசித்திருந்தார். ஆனாலும் அவருடைய விரல்கள் சாவியின் மேல் மடங்கவில்லை.

"நான் நாளைக்கு அவவோடை கதைக்கிறன் பிள்ளை" என்றார். "நேரை போய்க் கதைக்கிறன்."

"கதைங்க சேர்" என்றாள் அவள். அவர் கதைப்பார் என்று நம்பினாள், அந்த மூன்று வரி மாறாது என்பதும் அவளுக்குத் தெரியும். "புதுசா வர்றவங்ககிட்ட ஒண்ணு சொல்லிருங்க. அந்தக் கடைசிப் பொட்டி எந்திரிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். செத்துப்போச்சுன்னு நெனச்சு அணைச்சிரப் போறாங்க."

வெளியே வந்து அம்மாவோடு லயத்துக்கு இறங்கும் பாதையில் நடந்தாள். அம்மாவின் வாய் ஓயவில்லை. தலைவர் பொய் சொன்னதற்கு வைதாள், செல்வநாயகி மேடத்தின் நல்ல மனதைப் புகழ்ந்தாள், ஷுக்ரிக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டோமே என்று வருத்தப்பட்டாள். "நாளைக்குக் கொஞ்சம் நேரத்தோட தொறந்துரு" என்றாள். "ஒரு வாரமாத் தொறக்கல பாரு, புள்ளைக எல்லாம் வந்து நிக்கும்."

"நாளைக்கு நான் ஒங்கூட மலைக்கு வர்றேம்மா" என்றாள் இராக்கம்மா.

அம்மா நின்றுவிட்டாள். மேலே அறையில் பிள்ளைகள் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.